சீட்டுக்கு அடியில் ஒரு நம்பர்

ஜூன் 3, செவ்வாய்

பதிவு அலுவலகத்தில் இன்றும் கையை விரித்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிய காரை என் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால், வண்டியில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதம் வேண்டுமாம். "அது எங்க சார் இருக்கும்?" என்றேன். "வண்டியிலதான்" என்றார் கவுண்ட்டர்காரர், தலையைத் தூக்காமல்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கைகால் பயிற்சி கொடுக்கிற பிழைப்பு எனக்கு. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் எனக்கே பயிற்சி கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் கார். வாசலில் சும்மா நிற்கிறது.

ஜூன் 4

மாமாவுக்குப் போன் செய்தேன். அக்கா வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். "நம்பரா? ரெண்டு வருஷமா ஓட்டினேன், ஒரு நாளும் தேடினதில்லை. பேப்பர்லயே இருக்கே, அதைப் பாத்து எழுதிக் குடும்மா."

பார்த்து எழுதவா! அந்தப் பேப்பர் சரியா என்று பார்க்கத்தானே வண்டியில் தேடச் சொல்கிறார்கள்!

ஜூன் 7, சனி

முன் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு சின்னத் தகடு. வெளியே நின்று குனிந்தால் தெரிகிறது. எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு. பதிவுப் பேப்பரோடு அப்படியே பொருந்துகிறது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு உள்ளே இருப்பதை எப்படித் தேய்ப்பது? கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். பசைத் தடம்தான் இருக்கிறது, ஸ்டிக்கர் இல்லை. மிச்சம் ஒரே இடம், முன் சீட்டுக்கு அடியில், இரும்புத் தரையில்.

என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். பிடித்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வெளிச்சம் என் முழங்கையில் விழுந்தது, என் காதில் விழுந்தது, நம்பரில் மட்டும் விழவில்லை.

"கொஞ்சம் கீழ."

"கீழதானே பிடிக்கறேன்."

"எனக்குக் கீழ இல்ல, சீட்டுக்குக் கீழ!"

கறுப்புப் பூச்சை அப்பி வைத்திருந்தார்கள். தின்னர் ஊற்றித் துடைத்து, காகிதத்தை வைத்துத் தேய்த்தேன்.

வேறு நம்பர்.

ஒன்றிரண்டு எழுத்து இல்லை, பாதிக்கு மேல் வேறு. இன்னொரு காகிதம் எடுத்துத் தேய்த்தேன். அதிலும் அதேதான்.

ஜூன் 8

"துருப்பிடிச்ச இடத்துல எட்டும் மூணும் ஒண்ணாத்தாம்மா தெரியும்" என்கிறார் மாமா.

"எழுத்தே வேற மாமா. தேச்ச காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கேனே, பாருங்க."

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

பதினேழு எழுத்தைப் படிக்க வண்டியைப் பற்றித் தெரிய வேண்டுமா? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். எதற்காக விழுங்கினேன்?

ஜூன் 11

பரிசோதனை நிலையத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். பரிசோதகர் அடியில் நின்று, முன் சீட்டுக்காரர் கால் வைக்கிற இடத்துக்கு நேர் கீழே விரலால் காட்டினார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை குறுக்கே ஒரு தழும்பு. தையல் போட்ட வயிறு மாதிரி.

"வெட்டி ஒட்டியிருக்காங்க. முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொண்ணு. ரெண்டுமே அடிபட்டதா இருக்கும்."

"ஓட்டலாமா?"

"பெரிசா ஒரு இடி வாங்கினா பின்பாதி தனியாப் போயிடும். வேண்டாம்மா."

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் ஒரே நினைப்பு. அக்காவின் பெண்கள் இரண்டு பேரும் பின் சீட்டில்தானே உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனார்கள். சின்னவள் அதிலேயே சுருண்டு படுத்துத் தூங்கிவிடுவாள்.

ஜூன் 12

அக்கா அழுதாள். "தங்கச்சிக்குன்னு நல்ல மனசோட குடுத்தாரு. அவரைப் போய் திருடன்னு சொல்லிட்டியே."

எப்போ சொன்னேன்? நான் எப்போ சொன்னேன்?

மாமாவுக்கு இந்தக் காரை விற்றது, எல்லாரும் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிற ஒரு புரோக்கர். மாமாவின் பள்ளிக்கூடத்து சிநேகிதன். அந்தப் புரோக்கர் மேல் போலீஸில் எழுதிக் கொடுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். "அவன் மேலயா? ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவங்க நாங்க. உனக்கு வேணாம்னா சாவியைக் குடுத்துடு. நாங்களே ஓட்டிக்கறோம்."

நாங்களே ஓட்டிக்கறோமா? இவ்வளவு சொன்ன பிறகுமா? என் வீட்டுக்காரரைக் கேட்டால், "சொந்தத்துக்குள்ள எதுக்கு வம்பு, குடுத்துடேன்" என்கிறார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூன் 13

சாவியைக் கொடுக்கப் போவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சாவி வாங்க மாமா குடும்பத்தோடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் சாவியை எப்போது எடுத்தாரோ தெரியவில்லை, நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தார். பெண்கள் பழக்கத்தில் பின் சீட்டில் ஏறிவிட்டார்கள்.

"இறங்குங்கடீ!"

அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "பச்சைப்பிள்ளைங்ககிட்ட ஏம்மா கோபத்தைக் காட்டற?" என்றார் மாமா. முன் சீட்டுக்கு எதிரே விரிப்பைச் சரக்கென்று தூக்கினேன். "கையை வச்சுப் பாருங்க மாமா. நான் சொல்றதை நம்ப வேணாம், தொட்டுப் பாருங்க."

மாமா குனியவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காதான் குனிந்தாள். அந்தத் தழும்பின் மேல் ஒரு விரலை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். நிமிர்ந்தாள். பின் கதவைத் திறந்து பெண்களை ஒவ்வொருத்தியாக இறக்கினாள்.

"வாங்கடி. நடந்தே போகலாம்."

மாமா கொஞ்ச நேரம் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். அப்புறம் அவரும் போனார். சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 19

யாரும் போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுப்பதும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தேன். உள்ளதைச் சொன்னவளுக்குத்தான் தண்டனையா?

ஜூன் 24, செவ்வாய்

காலையில் மாமா பேசினார். "போலீஸ் ஸ்டேஷனுக்கு வர்றியாம்மா? தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

வாசலிலேயே காத்திருந்தார். சவரம் செய்யாத முகம். புரோக்கர் கண்ணாடியைப் போய் நேரிலேயே கேட்டாராம். "'இதெல்லாம் சகஜம்டா, இவ்வளவு நாள் நல்லாத்தானே ஓடுச்சு'ன்னு சிரிக்கறான்மா. பிள்ளைங்க பேரு வரைக்கும் தெரிஞ்சவன்."

இரண்டு பேரும் படியேறினோம்.

உள்ளே அதிகாரி எழுதிக்கொண்டே வந்து, "சேஸிஸ் நம்பர் இருக்கா?" என்றார். தேய்த்த காகிதங்களை எடுக்க நான் பையைத் திறந்தேன். அதற்குள் மாமா சொல்ல ஆரம்பித்துவிட்டார். காரின் முன் கண்ணாடி மூலையில் இருந்த நம்பர், பதினேழும், எதையும் பார்க்காமல். பிறகு, நான் படம் எடுத்து அனுப்பியிருந்த தரை நம்பர். அதையும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்" என்றார் அதிகாரி.

வெளியே வந்ததும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தன் வீட்டுக்கு எந்த பஸ் போகும் என்று என்னைக் கேட்டார்.