கண்ணாடி ஏற்றிய நண்டு வண்டி

மச்சான், இன்று காலை தோணிரேவு முனையில் ஒரு லோடு வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போனது. அந்த நாற்றத்தில் நீ என் கண்முன் வந்து நின்றாய், பல்லைக் காட்டிக்கொண்டு.

நீ ஓட்டிய வண்டி நண்டு வியாபாரியுடையது. காலடியில் ஓட்டை, சைலன்சர் புகை நேரே உள்ளே வரும். பெரிய நண்டுகளைக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, உன் பக்கத்திலேயே வைப்பார். "கண்ணாடிய எறக்காத. காத்து பட்டா நண்டு காஞ்சி பூடும்." நண்டின் மூச்சில் அவ்வளவு அக்கறை.

ஒருநாள் ஓசிச் சவாரிக்கு நானும் ஏறினேன். சுண்ணாம்புக்குளம் திருப்பத்தைக் கவனிக்காமலே தாண்டினாய். குறுக்கே வந்த ஆட்டைப் பார்த்த பிறகும் உன் கால் பிரேக்கைத் தேடி நிதானமாகப் போனது.

"இன்னா மச்சான், தூங்கறியா?"

"தல கிர்ருங்குது. ஆனா ஜாலியாத்தான் கீது."

நானும் சிரித்தேன். அப்புறம் இறங்கி வாந்தி எடுத்தேன். "ஓட்றது நானு, வாந்தி உனுக்கா?" என்றாய். நான் பஸ் ஏறிவிட்டேன். ஊர்வம்பில் பேர்போன நான், அந்த ஓட்டையைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் வண்டியோடு பள்ளத்தில் கிடந்தாய். நண்டுகள் மட்டும் உயிரோடு இருந்தன.

"குடிச்சிட்டு ஓட்னான்," என்றார் வியாபாரி, உன் பெண்டாட்டி காதுபடவே. சாராயம் இல்லை, புகைதான் ரத்தத்துக்கு ஆக்சிஜன் போகவிடாமல் செய்தது, அப்படியானால் கண் திறந்திருந்தாலும் புத்தி தள்ளாடும் என்றார் டாக்டர். காகிதமும் கொடுத்தார். ஊர் வாய்க்குப் படிக்கத் தெரியாது.

ஆகவே என் வாயைத் தீட்டிக்கொண்டேன். வண்டியின் முகப்பைத் தட்டி நிமிர்த்திய வியாபாரி, ஓட்டையை அப்படியே விட்டிருந்தார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்தேன்: "அண்ணன் கண்ண மூடிக்கினே நண்டு கட்டுவாரு. கண்ணாடிய ஏத்திக்கினு, இஞ்சின ஓடவுட்டு, பத்து நிமிசம் வண்டில குந்தட்டும். அப்பால ஒரே ஒரு நண்டு கட்டட்டும். கட்டிட்டா, என் மச்சான் குடிகாரன்தான்."

பெருமைக்காரர், ஏறினார். இறங்கியபோது கால் கோலம் போட்டது. கயிறு ஒருபக்கம், கொடுக்கு ஒருபக்கம். நண்டு அவர் கட்டைவிரலைப் பிடித்தது. ஊரெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அவர் கத்தினார்.

உன் பெண்டாட்டி எழுந்தாள். "இன்னாண்ணே, காலைலயே குடிச்சிட்டியா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் தலை குனிந்தார்.

அந்த விரல் ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. நண்டு ஏலத்தில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "கட்டவெரலு எப்டிண்ணே கீது?" என்று நாலு பேர் காதுபடக் கேட்கிறேன். அவரை விடப்போவதில்லை, மச்சான். அன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கண்ணாடியை இறக்காத என்னையும்.