இடது கண்ணின் அழுத்தம்

அன்புள்ள மனைவிக்கு,

என் இடது கண்ணில் அழுத்தம் முப்பத்தொன்று. இருபத்தொன்றைத் தாண்டக் கூடாதாம். இன்று காலை கண் டாக்டரே சொன்னது.

முதலில் ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். கண்ணில் சுருக்கென்று காற்று ஊதியது. ஒவ்வொரு தடவையும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "காத்துதான் அண்ணே, கடிக்காது. பஸ்ஸே ஓட்டுறீங்க, இதுக்குப் பயப்படலாமா?" என்று மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் சிரித்தாள். பிறகு டாக்டர் சொட்டு விட்டுக் கண்ணை மரக்கவைத்து, நீல வெளிச்சத்தில் லேசாகத் தொட்டு அளந்தார். வலிக்கவேயில்லை. அதே முப்பத்தொன்று.

என்னை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, இடது பக்கம் விரலை ஆட்டினார்.

"தெரியுதா?"

"எது சார்?"

"வீட்டுல எதுலயாவது இடிச்சுக்கிறீங்களா?"

ஸ்டூலைச் சொன்னேன். அதை நீ வேண்டுமென்றே வழியில் போடுகிறாய் என்று உன் அக்கா முன்னால் கத்தியதைச் சொல்லவில்லை. நீ அக்கா வீட்டுக்குப் போன பிறகும் அதே ஸ்டூலில் இடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே வேறு யாரும் இல்லை.

போன பார்வை திரும்பாதாம். மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாமாம். எவ்வளவு போயிருக்கிறது என்பது வியாழக்கிழமை காலை, பக்கப் பார்வைப் பரிசோதனையில் தெரியும். அதுவரை பஸ்ஸைத் தொடக் கூடாது. துணைக்கு யார் வருவார் என்று கேட்டார்கள். வீட்டுக்காரி வருவாள் என்று சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமலே. இப்போது கேட்கிறேன். வருவாயா?

உன் வீட்டுக்காரன்