மாதாவுக்கு முன்னால் கழற்றிய சப்பாத்து

நேற்றுக் காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரர் பெட்டியைக் கவிழ்த்தபோது, உடைத்த ஐஸ் முழுவதும் என் காலில் கொட்டியது. "பரிஸ்ஸமென் அங்கிள்!" என்று சிங்களத்தில் கத்தினார். கவனமாம். கொட்டிய பிறகு கவனம். வேறு நாள் என்றால் அரைமணி நேரம் நின்று அந்த ஆளைப் பகிடி பண்ணியிருப்பேன். நேற்று வாய் வரவில்லை, மச்சான். விரல் விறைக்க விறைக்க நீதான் முன்னால் வந்து நின்றாய்.

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நீ. சுவிஸுக்குப் போய் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினாய். எங்கள் ஆட்கள் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருக்க, நீ மட்டும் நாற்பது வயதில் பனிச்சறுக்குப் பழகினாய். ஞாயிறு பூசை முடிந்தால் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிடுவாய். பையில் உன் மனைவி ரெஜினா பொரித்த மீன் ரோல்ஸ்.

"கொழும்பு மழைக்கே வழுக்கி விழுறனி. அங்க காசு குடுத்து விழுறியோ?" என்று போனில் கேட்பேன்.

"வந்து பாரடா. பிறகு கதை."

வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், அன்று காலை உன் மலையடிவாரத்தில் நாலு வயதுப் பிள்ளைகளோடு சறுக்கப் பழகினேன். பதினொரு முறை விழுந்தேன். பன்னிரண்டு என்று நீ சண்டை பிடித்தாய். பின்னேரம் மேலே இருந்து பார்க்கவேண்டும் என்று நான் அடம்பிடிக்க, தொங்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய்.

"கடைசி வண்டி நாலரைக்கு. அதை விட்டா நடந்துதான் இறங்கவேணும். உன்னால ஏலாது. நான் ஒருக்காச் சறுக்கிப்போட்டு வாறன், இந்த இடத்தை விட்டு அசையாதே" என்றாய்.

அசைந்தேன். கொஞ்சத் தூரத்தில் கல்லால் கட்டிய சின்னக் கூட்டுக்குள் ஒரு மாதா சொரூபம் நின்றது. வெள்ளிக்கிழமை கோயில், செவ்வாய்க்கிழமை உங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தேவாலயம் என்று இரண்டு இடத்திலும் வாசலில் செருப்பைக் கழற்றிப் பழகிய கால் இது. அந்த வாடகைப் பனிச்சறுக்குச் சப்பாத்தின் கொளுக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு பனியில் நின்று கும்பிட்டேன். சறுக்கப் போன உன் முழங்காலைக் காப்பாற்றச் சொல்லித்தான் கேட்டேன், சத்தியமாக.

நீ திரும்பி வந்தபோது பள்ளத்திலிருந்து பனிப்புகார் ஏறிக்கொண்டிருந்தது.

"சப்பாத்து எங்கயடா?"

"மாதாவுக்கு முன்னால சப்பாத்தோட நிக்கிறதோ?"

"விசரா! வேதக்காரர் நாங்களே இங்க சப்பாத்தோடதான் கும்பிடுறம். குளிரில கழட்டினா இது திரும்ப ஏறாது!"

ஏறவில்லை. பிளாஸ்டிக் கல்லாக இறுகிப்போயிருந்தது. நனைந்த காலுறை விறைத்தது. மணி நாலு பத்து. நீ இழுத்தாய், நான் உதைத்தேன். பாதிக் கால்கூட உள்ளே போகவில்லை.

"மாதாவே பாத்துச் சிரிக்கிறா" என்றேன்.

"வாயை மூடு" என்றாய். ஐம்பது வருடப் பழக்கத்தில் நீ என்னிடம் அப்படிச் சொன்னது அன்றுதான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

ஜாக்கெட்டைத் திறந்து சப்பாத்து இரண்டையும் வயிற்றோடு அணைத்து மூடினாய். உன் கம்பளித் தொப்பியை என் ஒரு காலுக்கும், கிளவுஸ் இரண்டையும் மற்றக் காலுக்கும் சுற்றினாய். வெறுந்தலையோடு, வெறுங்கையோடு, பல் கிடுகிடுக்க நின்றாய். புகார் வந்து மாதாவை மூடியது. வண்டி நிலையமும் மறைந்தது. அங்கே மணியடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எட்டு நிமிடம் கழித்துச் சப்பாத்து கொஞ்சம் இளகியது. நீ முழந்தாளிட்டு என் காலை உள்ளே தள்ளினாய். கொளுக்கியைப் பூட்ட உன் விரல்கள் மடங்கவில்லை. பல்லால் இழுத்துப் பூட்டினாய். அந்த மணிச் சத்தத்தை வைத்துத்தான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் எங்களை ஏசினார். எனக்குப் பாஷை தெரியாதது நல்லதாகப் போயிற்று.

வீட்டில் ரெஜினா உன் வெளுத்த விரல்களைப் பார்த்துவிட்டாள்.

"கிளவுஸ் எங்க?"

"துலைச்சிட்டன். இவன் வேண்டாமெண்டுதான் சொன்னவன், நான்தான் மேல இழுத்துக்கொண்டு போனனான்."

"இந்த வின்டர் முழுக்க இனி மலைப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்!"

நீ தலையாட்டினாய். பலகைகளை நிலவறையில் கொண்டுபோய் வைத்தாய். நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு சொல்லலாம், அடுத்த வருடம் எல்லோரும் சிரிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த பனி விழுமுன் நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். பனி விழுந்தபோது நீ இல்லை.

நேற்று மத்தியானம் ரெஜினாவுக்குப் போன் எடுத்தேன். சப்பாத்திலிருந்து சூப் வரை எல்லாம் சொன்னேன்.

"அப்ப நான் அந்த மனிசனைச் சும்மா ஏசியிருக்கிறன், அண்ணை" என்றாள். "ஞாயிற்றுக்கிழமையில யன்னலடியில மலையைப் பாத்துக்கொண்டு நிப்பார். அதுக்கும் ஏசினனான்."

செத்த வீட்டில்கூடப் பகிடி வைத்திருப்பவன் நான். நேற்று ஒன்றும் இருக்கவில்லை. அவள் அழுது முடியும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக நீ விட்டுக்கொடுத்த அந்தக் கடைசிப் பனிக்காலத்தை இவ்வளவு நாளும் தனியாகத் தூக்கித் திரிந்தேன், மச்சான். நேற்று அதில் பாதியை அவள் தலையில் இறக்கிவிட்டேன். ஆனாலும் எனக்குப் பாரம் குறையவில்லை.