காந்தப் பெட்டி வேண்டாம் தம்பி

சமயநல்லூர்,
கார்த்திகை 12.

அன்பு மகன் சித்தார்த்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி இருக்கிற நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினம் வீடியோவில் முகம் பார்க்கிற மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். கம்பெனி விஷயம் எதையும் போனில் பேசாதீர்கள் என்று போன வருடம் நீதான் சொன்னாய். அதோடு நாம் பேசும்போதெல்லாம் அம்மா என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு இதில் பாதி தெரியாது. உன் சிநேகிதன் பசுமலை ஜெயராம் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சீனாவுக்கு, உங்கள் நிங்போவுக்கே கிளம்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன், நிதானமாகப் படி, அவசரப்பட்டு எனக்குப் போன் போட்டுவிடாதே.

எங்கள் கம்பெனி நிலவரம் உனக்குக் கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. பேட்டரி ஸ்கூட்டர் சக்கரத்துக்குள் வைக்கிற மோட்டார்தான் எங்களுக்குச் சோறு, அந்த மோட்டாருக்கு உயிர் உங்கள் ஊரிலிருந்து வருகிற காந்தம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், இரண்டு துண்டு சேர்ந்தால் பிரிக்க முடியாது, இடையில் விரல் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் அமெரிக்காக்காரன் வரியை ஏற்றினான், பதிலுக்குச் சீனாக்காரன் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டான். கேட்டால் பூர்த்தி செய்யச் சொல்லி ஒரு ஃபாரம் அனுப்பினார்கள். இந்தக் காந்தம் எந்த ஆயுதத்திலும் சேராது, சுற்றி வளைத்து அமெரிக்காவுக்குப் போகாது என்று எழுதி, டெல்லியில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டுமாம். மூன்று தடவை அனுப்பினோம். ஸ்டோர் பொறுப்பாளர் என்று நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன். வாடிப்பட்டிச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு போகிறவன் வண்டிக்கும் அவர்கள் ஏவுகணைக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. பெரிய கம்பெனிகளுக்குக் கொஞ்சம் வந்ததாகச் சொல்கிறார்கள், எங்களுக்குப் பதிலே இல்லை. ஐப்பசியில் இரண்டு தலைவர்களும் கைகுலுக்கியதை டிவியில் காட்டியபோது, மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் முதலாளி அனந்தநாராயணன் சார் மட்டும் தட்டவில்லை. "அது வேற உத்தரவும்மா, நம்ம காந்தம் பழைய உத்தரவுல மாட்டிண்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். சாதாரணக் காந்தம் போட்டும் ஒரு மோட்டார் செய்து பார்த்தோம், எடை ஏறிப்போனது, வண்டி பாலத்து மேட்டில் ஏறவில்லை, அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் வேலை நான்கானது, நான்கு இரண்டானது. வைண்டிங்கில் முப்பத்திரண்டு பெண்கள். உன் அத்தை தங்கப்பொண்ணு மகள் முத்துமீனாவும் அதில் ஒருத்தி, புருசன் போன பிறகு அவளும் அந்தப் பிள்ளையும் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியும்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். புரட்டாசியில் ஒரு நாள் சார் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பக்கத்தில் விருமாண்டி இருந்தார், காளவாசலில் செல்போன் உதிரிபாகம் இறக்குமதி செய்கிறவர். அவர்தான் பேசினார். "அண்ணே, ஒண்ணும் பயப்படாதீக. ஸ்பீக்கர் சாமான்னு பேர் போட்டு நாலு பொட்டியாப் பிரிச்சு வந்துரும். ஒங்க மகன் காந்தக் கம்பெனியிலதான இருக்காப்ல, அங்கன ஒரு ஆளக் கைகாட்டுனாப் போதும், மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். சார் என்னைக் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, "ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் மொக்கைச்சாமி" என்றார், அவ்வளவுதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அந்தத் தெரு ஆள் கையில் ஸ்டோர் சாவியா என்று சிலபேர் கேட்டபோது, எல்லார் முன்னாலும் சாவியை என் கையில் கொடுத்த மனுசன் அவர். வெளியே கேட்டுப் பக்கம் முத்துமீனா நின்றுகொண்டிருந்தாள், இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள. தம்பி, உன் நம்பரை நான்தான் கொடுத்தேன். விருமாண்டி எங்கிருந்தோ பிடித்தார் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை, என் போனைத் திறந்து நானே ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன். தப்பு என்று அப்போதே உள்ளுக்குள் ஒன்று சொல்லியது, ஆனாலும் கொஞ்சம் பொய்ப்பேர்தானே, யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்ததும் ஜெயராம் நம் வீட்டுக்கு வந்தான். பேச்சுவாக்கில் காந்தம் என்றேன், அவன் முகமே மாறிப்போனது. அம்மா காபி போடப் போனதும் மெதுவாகச் சொன்னான். "எங்க ஏரியாவுல ஒருத்தர் இப்பிடித்தான் வேற பேர் போட்டு அனுப்புனாரு மாமா. காலைல வேலைக்குக் கிளம்பும்போது ரெண்டு பேர் வந்து கூட்டிட்டுப் போனாங்க. மூணு மாசமாச்சு, எங்க வச்சிருக்காங்கன்னு அவர் சம்சாரத்துக்கே தெரியல. அவரு அந்த ஊர்க்காரரு. நம்மள மாதிரி ஆளுன்னா கேக்க யாரு இருக்கா? இந்தச் சண்டையில அவங்களுக்குக் காந்தம் இப்ப துப்பாக்கி மாதிரி" என்றான். இரண்டு பெரிய ராஜாங்கம் மோதிக்கொள்கிற இடத்தில் பெற்ற பிள்ளையை நானே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக சார் அறைக்குப் போனேன். அங்கிருந்தே விருமாண்டிக்குப் போன் போட்டு, என் மகனை விட்டுவிடுங்கள் என்றேன். "பேசியாச்சேண்ணே, பாத்துச் சொல்றேன்னுருக்காப்ல ஒங்க மகன். பதமாத்தான் பேசுனாப்ல" என்றார். சார் மெதுவாக, "முப்பத்திரண்டு குடும்பம் மொக்கைச்சாமி, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். நான் சொன்னேன்: "சார், எனக்கு இருக்கது ஒரே மகன். வேற பேர் போட்டுப் பொட்டி வந்தா நான் ஸ்டோர்ல ஏத்த மாட்டேன். தூத்துக்குடி கஸ்டம்ஸ் ஆபீசுக்குப் போய் இது ஸ்பீக்கர் சாமான் இல்ல, காந்தம்னு நானே சொல்லிருவேன்." அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அதற்கு அவர், "அப்போ சாவிய வச்சுட்டுப் போயிடுங்கோ" என்றார். வைத்தேன். வெளியே வரும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை வைண்டிங் பிரிவை மூடிவிட்டோம் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முத்துமீனா டிபன் தூக்கோடு நேராக நம் வீட்டுக்கு வந்தாள், நல்லவேளை அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மாமா, சித்தார்த்து ஒரு ஆளக் கைகாட்டியிருந்தா இம்புட்டுப் பேர் பொழப்பு நின்னுருக்காதாம்ல? நீங்கதான் மறிச்சீகளாம்ல?" என்று கேட்டாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாத்தா, நாந்தேன்" என்றேன். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஒங்க பிள்ளைக்குன்னா ஒங்களுக்கு வலிக்குது மாமா, எம்பிள்ளைக்குன்னா யாருக்கு வலிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு நூல்மில்லில் சேர்ந்திருக்கிறாள், அங்கேயே ஹாஸ்டல், மாதத்துக்கு ஒரு தடவைதான் வெளியே விடுவார்களாம், பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டாள். இன்னும் நான்கைந்து பேர் விருதுநகர் பக்கம் வெடிக் கம்பெனிக்குப் போகிறார்கள். அத்தை என்னோடு பேசுவதில்லை, தண்ணீர்க் குழாயில் அம்மாவைப் பார்த்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். அம்மா காரணம் கேட்கிறாள், கண் பார்வை சரியில்லை என்று நானாக வேலையை விட்டதாக அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ பார்த்துச் சொல்கிறேன் என்றது அப்பா வேலை போய்விடக்கூடாதே என்றுதான், எனக்குத் தெரியும். அந்த வேலை போய்விட்டது, அதனால் உனக்கு இனி அந்தக் கவலை வேண்டாம். விருமாண்டி கூப்பிட்டால் எடுக்காதே, நம்பரையே மாற்றிவிடு. முதலாளியே கூப்பிட்டாலும், உன் அத்தையே அழுதுகொண்டு கூப்பிட்டாலும் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லு. பழி எல்லாம் என் மேல் போடு. உன் கம்பெனியில் யாரிடமும் விளையாட்டுக்குக்கூடக் காந்தம் பற்றி விசாரிக்காதே, ஒரு துண்டைக்கூட ரூமுக்குக் கொண்டுவராதே. ஒழுங்காகச் சாப்பிடு, அமெரிக்கா நல்லதா சீனா நல்லதா என்று யாராவது வாயைக் கிளறினால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போ.

ஏற்கெனவே யாரையாவது கைகாட்டிவிட்டாயோ என்பதுதான் என்னை அரிக்கிறது. அதற்காக இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். கேட்டது நான், என் மகனுக்கு அது குற்றம் என்று தெரியாது, தகப்பன் சொல்லைத் தட்ட முடியாமல் செய்தான் என்று எழுதி, என் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். முத்துக்குமரன் வாத்தியார் இங்கிலீசிலும் எழுதிக் கொடுத்தார், ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தத் தேசத்தில் இது செல்லுமா என்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள், இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

படித்து முடித்த மறுநாள் வழக்கம்போல வீடியோவில் வா. எதற்கும் நீ இணங்கவில்லை என்றால், இங்கே நல்ல வெயில் அப்பா என்று சொல்லு. அங்கே மழை கொட்டினாலும் பரவாயில்லை, வெயில் என்றே சொல்லு. இணங்கிவிட்டாய் என்றால் வெயில் பேச்சை எடுக்க வேண்டாம், அம்மாவிடம் சிரித்துப் பேசிவிட்டு வைத்துவிடு, நான் புரிந்துகொள்கிறேன். எதுவாக இருந்தாலும் நீ என் பிள்ளை, உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் குலசாமி உன் பக்கத்திலேயே நிற்கட்டும், நீ நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
மொ. மொக்கைச்சாமி