நடுக்கூடத்துச் சுவர்

அன்பு அண்ணே,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மட்டாஞ்சேரியில் நம் வீட்டுக்கு இப்போது வரலாறு எழுதுகிறார்கள். பழுதுபார்த்து, வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிற மாதிரி ஆக்கப்போகிறார்களாம்.

அதற்காக ஒரு பொறியாளர்ப் பெண் வருகிறாள். கட்டியது டச்சுக்காரன், அவனுக்குப் பின் வெள்ளைக்காரனின் தேயிலைக் கிடங்கு, பிறகு நம் அத்தாவின் சுக்கு வியாபாரம். எல்லாம் வரிசையாகச் சொல்கிறாள். தேக்கு உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பதில் அத்தனை சந்தோஷம் அவளுக்கு. நடுக்கூடத்துச் சுவரைப் பார்த்ததும்தான் முகம் சுண்டிவிட்டது.

"இக்கா, இது மட்டும் சிமெண்ட் கல்லாணல்லோ. இத இடிக்கணும். ரெண்டு வீட்டுக்காரும் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

உங்கள் பங்குக்கு உங்கள் மகன் நாசர் போட்டுவிட்டான். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "எங்க அத்தா இந்தச் சுவரு கெட்டினது தப்புதான், சின்னத்தா. அவருக்கு வேண்டி நான் மாப்பு கேக்குறேன்" என்றான்.

கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், அண்ணே. பழகிப்போன பொய்.

அத்தா மௌத்தானதும் வீட்டை விற்றுவிடலாம் என்றீர்கள் நீங்கள். பழைய வீடு, கை வைக்கக் கூடாது என்று குதித்தவன் நான். நீங்கள் குடும்பத்தோடு பாலக்காட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த மூன்று நாளில், என் பாதியாவது விற்காமல் நிற்கட்டும் என்று, தோப்பும்படியிலிருந்து கொத்தனாரைக் கூட்டிவந்து குறுக்கே சுவர் எழுப்பியவனும் நான்தான். டச்சுக்காரனும் வெள்ளைக்காரனும் செய்யாததை நான் செய்தேன். கேட்டவர்களிடம் அண்ணன் ஏற்பாடு என்றேன். பெரியவர் பங்கு பிரித்துவிட்டார் என்று தெரு பேசியது. நாசர் அப்போது சின்னப் பிள்ளை.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். "கொத்தன் நல்ல ஆளு. நேரா கெட்டியிருக்கான்" என்றீர்கள். அவ்வளவுதான். தெருவிடம் ஏன் மறுக்கவில்லை? மதினியிடமாவது சொன்னீர்களா? பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். "யாரு கெட்டினதுன்னு எழுதணும், இக்கா."

நாசர் உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தான்.

"நான்" என்றேன். "அவங்க ஊர்ல இல்லாதப்ப நான் கெட்டினேன். அண்ணன் பேர எழுதாதீங்க."

அவள் எழுதிக்கொண்டாள். நானும் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது. நாசர் எழுந்து போய்விட்டான். நாலு நாளாயிற்று, இன்னும் பேசவில்லை. வியாழக்கிழமை சுவரை இடிக்க ஆள் வருகிறது. இடித்துவிட்டால் மட்டும் பேசிவிடுவானா?

பதினைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் உங்கள் வாசலுக்கு நான் வந்ததில்லை. நீங்கள் கண்ணை மூடிய அன்று உங்களைத் தூக்கத்தான் முதலில் வந்தேன். நாசர் வாசலுக்குத் தினமும் போவேன், அண்ணே. அவன் கதவைத் திறக்கும் வரை போவேன்.

உங்கள் தம்பி,
சுலைமான்