தோளைத் தொட்ட கை

புதுச்சேரி, 1958

அன்புள்ள அஞ்சலாட்சி,

மகன் என் நிறம் என்று எழுதியிருந்தாய். தொட்டில் வாங்கிவிட்டேன்.

இன்று ஸ்டேஷனில் நகைத் திருடனை அடையாளம் காட்டும் வரிசை. ஆள் போதாமல் இன்ஸ்பெக்டர் என் போலீஸ் உடுப்பைக் கழற்றவைத்து, பிடித்து வந்த வீராம்பட்டினத்து மீனவனோடு நிறுத்தினார். நகையைப் பறிகொடுத்தவர் நேரே வந்து என் தோளைத் தொட்டார். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் அவரிடமே கேட்டார்:

"இருக்கறதுலயே கறுப்பா இருக்கறவனத் தொடச் சொன்னது நீங்கதானே ஐயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு என்னை விலக்கிவிட்டு மீனவனைத் தொடவைத்தார்கள். திருடியது இன்ஸ்பெக்டரின் மைத்துனன் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் எல்லாம் முறைப்படி நடந்ததாக நான் கையெழுத்திட வேண்டுமாம்.

நான்கு முறை பேனாவைத் திறந்து மூடிவிட்டேன். நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். போலீஸ் குடியிருப்பில் தொட்டில் கட்ட முடியாமல் போகலாம். நீ அம்மா வீட்டிலேயே இரு.

மகனுக்கு என் நிறம் இருக்கட்டும். அந்தச் சிரிப்பு வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்