கோல்டர் பென்டின் கணக்கு

21.2.2010
காலையில் குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேஷன்வரை நடந்துபோய் நன்றாக நனைந்து வந்தேன். கௌசிகா ஏசினாள். மகள் வீட்டில் இருக்கும் தகப்பன் மழையில் நனையவும் அனுமதி கேட்க வேண்டும்.

பத்து மணிபோல மகன் ஜசிந்தன் ஃபோன் எடுத்தான். அமெரிக்காவில் தடுப்பு முகாமிலிருந்து அவனை விட்டுவிட்டார்களாம். வழக்கு முடியும்வரை வெளியே இருக்கலாம். நெப்ராஸ்கா மாநிலத்தில் கோல்டர் பென்ட் என்று ஒரு சின்ன நகரம். தேவாலயக்காரர் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள்.

"இடம் எப்பிடி?"

"பனிதான் அப்பா. சனமே இல்லை."

மகன் உயிரோடு ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறான். அது போதும் என்று நினைக்கப் பார்க்கிறேன். கடைசி யுத்தத்தில் காணாமற்போன தாயையும் தங்கச்சியையும் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் அதே பதில்: "சனத்துக்குள்ள தவறவிட்டிட்டன் அப்பா."

25.2.2010
லைப்ரரியில் கம்ப்யூட்டரில் தேடி எழுதியது. இருபத்தெட்டு வருசம் வன்னியில் கிராம சேவகராக, சனம் சொல்லும் விதானையாக, இருந்தவனுக்கு ஓர் ஊரை வேறு எப்படிப் பார்க்கத் தெரியும்?

எல்லை: வடக்கும் கிழக்கும் ஆறு, வளைந்து போகிறது. தெற்கே ரயில் பாதை. மேற்கே சோளக்காணி.
சனம்: 6,208. இது 2000ஆம் ஆண்டுக் கணக்கு.
வரலாறு: 1871இல் ரயில் வந்தது, பின்னால் ஊர் வந்தது. ஜெர்மன்காரர், சுவீடன்காரர். அதற்கு முன் அங்கே இருந்த சனம் எத்தனை? எழுதவில்லை. 1913இல் வெள்ளம், நாற்பத்தொரு பேர் இறப்பு. அத்தனை பேரின் பெயரும் நகர மண்டபத்தில் கல்லில் வெட்டியிருக்கிறது.
கிணறு: தெரியாது.

நாற்பத்தொரு பெயர்களையும் வாசித்தேன். ஏன் வாசித்தேன்?

20.3.2010
அங்கே குடிசன மதிப்பு. ஜசிந்தனுக்கும் படிவம் வந்திருக்கிறது. பயந்துபோய் ஃபோன் எடுத்தான்.

"பேர் எழுதித் தரச் சொல்லுறாங்கள் அப்பா. உதைக் கிழிச்சுப் போடட்டே?"

யுத்தம் முடிந்து ஊரில் அடைத்துவைத்த முகாமில் பெயர் எழுதி வாங்கிய பிறகு என்ன நடந்தது என்று அவன் பார்த்தவன். அவனைக் குறை சொல்ல முடியாது. "உது ஆள்கணக்குத்தான், பயப்பிடாதை. உள்ளதை உள்ளபடி எழுது. நான் ஒருநாளும் பொய்க்கணக்கு குடுக்கேல்லை" என்றேன்.

படிவத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓம் அப்பா, எழுதுறன்."

18.5.2010
கௌசிகா கேட்டேவிட்டாள்: "அம்மாவுக்கும் தங்கச்சி சஜிதாவுக்கும் ஒரு திவசம் செய்வமே அப்பா?"

கத்திவிட்டேன். யார் சொன்னது? எந்தப் பதிவில் இருக்கிறது? அத்தாட்சி இல்லாமல் என் மனைவி செல்வமலருக்கு எள்ளுத்தண்ணீர் இறைக்க நான் ஆளில்லை. அவளைக் கூப்பிட நிரப்பிய விசா படிவம் இன்னும் என் பெட்டிக்குள் இருக்கிறது.

2006இல் பேரப்பிள்ளையைப் பார்க்க நான் முதலில் இந்த நாட்டுக்கு வந்தேன். ஆவணியில் வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள், அவர்கள் மூவரும் உள்ளே. அவ்வளவுதான் நடந்தது. கடைசி மாதங்களில் உள்ளே எவ்வளவு சனம் என்பதையே ஆளுக்கொரு தொகையாகச் சொன்னார்கள். அந்தத் தொகைகள் எதற்குள்ளாவது என் மனைவி இருந்தாளா?

பிள்ளையிடம் கத்தியிருக்கக் கூடாது.

5.3.2011
கணக்கு வந்துவிட்டது. கோல்டர் பென்ட்: 6,031. பத்து வருசத்தில் நூற்றெழுபத்தேழு குறைவு. அந்த 6,031 பேரில் ஒருவன் என் மகன். இரண்டு தரம் தேநீர் குடித்தேன்.

17.7.2011
ஊர் எல்லையில் சனத்தொகை எழுதிய புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்தபடி நிற்கும் படத்தை அனுப்பிவிட்டு ஜசிந்தன் ஃபோன் எடுத்தான்.

"அப்பா, உந்த எண்ணில ரெண்டு பேர் கூட."

விளங்கவில்லை.

"என்ர அறையில மூண்டு பேர் எண்டு எழுதினனான். அம்மான்ர பேரும் சஜின்ர பேரும் போட்டனான்."

கோபம்தான் முதலில் வந்தது. "பொய்க்கணக்கே குடுத்தனி? இல்லாத ஆக்களை…"

இல்லாத ஆட்கள். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவன் அழுதான். "ரெண்டு பேரையும் நான்தான் தாட்டனான் அப்பா. பங்கருக்குள்ளயே வைச்சு மண்ணைப் போட்டனான். செத்ததெண்டு ஒருத்தரும் எழுதேல்லை. இருந்ததெண்டும் எழுதேல்லை. எங்கயாவது ஒரு இடத்தில பேர் இருக்கட்டுமெண்டுதான்… உங்களுக்குச் சொல்ல வாய் வரேல்லை."

திகதி கேட்டேன். பாவி, அப்போதும் விதானைப் புத்தி. 2009 பெப்ரவரி பதினொன்று, காலை என்றான்.

இரண்டரை வருசம் அவன் இதைத் தனியே வைத்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

18.7.2011
சாப்பிடவில்லை. கௌசிகாவிடம் சொன்னேன். இருவரும் குசினியில் இருந்து அழுதோம்.

9.8.2011
இன்று இங்கேயும் குடிசன மதிப்பு. "நீங்களே நிரப்புங்கோ அப்பா, உங்கட வேலைதானே" என்று கௌசிகா படிவத்தைத் தந்தாள். மகள், மருமகன், பிள்ளைகள் இருவர், நான். ஐந்து பேர்.

என்னுடைய பக்கத்தில் மண நிலை கேட்டிருந்தது. பேனா பழக்கத்தில் 'மணமானவர்' பக்கம் போய் நின்றது. எடுத்தேன். 'துணையை இழந்தவர்' என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன்.

திவசத்துக்கு மாசியில் நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கோல்டர் பென்டின் கணக்கைத் திருத்தச் சொல்லி நான் ஒருவருக்கும் எழுதப் போவதில்லை.